கடந்த காலத்தின் மீது ஒரு பார்வை: பெம்பெயா ஜாஸின் சமோரி காவியம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவின் தலைநகர் கொனாக்ரி. அந்நகரின் பெரிய பள்ளிவாசலை ஒட்டிய தோட்டத்தில் ஒரு நினைவிடம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் படைகளைப் பதினாறு ஆண்டுகள் எதிர்த்து நின்ற அல்மாமி சமோரி தூரே அங்கு அடங்கியுள்ளார். அதே பிரெஞ்சு ஆட்சியினரால் நாடுகடத்தப்பட்ட, லபே பகுதியின் தலைவர் அல்ஃபா யாயாவும் அங்குள்ளார். கினியாவை 1958 முதல் 1984 வரை ஆண்ட முதல் குடியரசுத் தலைவர் அஹ்மத் செகூ தூரேயின் அடக்கத்தலமும் அதே கூரையின்கீழ்தான். முதலிருவரும் அந்நியரின் கைதிகளாக அயல் மண்ணில் மரித்தவர்கள். மூன்றாமவர் அவ்விருவரின் எச்சங்களையும் தாயகத்துக்கு மீட்டு வந்தவர். தம் நாட்டு மக்களில் ஆயிரக்கணக்கானோரைச் சிறைக்கு அனுப்பியவரும் அவரே.

இம்மூன்று கல்லறைகளின் அண்மை நம்மை ஒரு கேள்வியின் முன் நிறுத்துகிறது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் வீரர்களை நினைவுகூர்வது அதன் உரிமை, கடமையும்கூட. ஆயின் அந்நினைவு யாருடைய கையில் உள்ளது? அது யாருக்குப் பயன்படுகிறது? இக்கேள்வியைக் கல்லைவிடக் கூர்மையாக எழுப்பும் படைப்பு ஒன்று உண்டு. அது ஓர் இசைத்தட்டு. ‘ரெகார் சூர் ல பாஸே’, அதாவது ‘கடந்த காலத்தின் மீது ஒரு பார்வை’ என்பது அதன் பெயர். பாடியவர்கள் ‘பெம்பெயா ஜாஸ் நாசியோனால்’ என்னும் கினியாவின் தேசிய இசைக்குழுவினர். இன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய ஃபங்க், ஹைலைஃப் தட்டுகளைத் தேடித் திரியும் சேகரிப்பாளர்கள் தம் அலமாரிகளில் இதற்கும் ஓரிடம் ஒதுக்குகின்றனர். அத்தேட்டத்துக்கு அப்பால் இத்தட்டைக் கேட்க வேண்டிய வேறு காரணங்கள் நமக்கு உள்ளன என்று கருதுகிறோம்.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு வாசகர்கள் அறிந்ததே. அவ்விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு முஸ்லிம் சமூகம் தன் வரலாற்றை எவ்வாறு தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என்பதற்கான ஆவணமாகவே இத்தட்டை நாம் அணுகுகிறோம்.

தட்டு பிறந்த சூழல்

1958 செப்டம்பர் 28 அன்று பிரான்சு தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. பிரெஞ்சுச் சமுதாயத்துக்குள் தொடர்வதா, உடனடி விடுதலையா என்பது கேள்வி. தொடர மறுத்த ஒரே நாடு கினியா. வாக்களித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் ‘இல்லை’ என்றனர். அக்டோபர் 2 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது. வெளியேறிய பிரெஞ்சு நிர்வாகம் அலுவலகக் கருவிகளைக்கூட விட்டுவைக்காமல் எடுத்துச் சென்ற செய்தி வரலாற்றில் நன்கு பதிவாகியுள்ளது.

வெறுமையாய்க் கிடந்த நாட்டில் செகூ தூரேயின் அரசு முதலில் கைவைத்த துறைகளுள் பண்பாடும் ஒன்று. அதுவரை ஐரோப்பிய நடன இசையைப் பின்பற்றி வந்த குழுக்கள் கலைக்கப்பட்டன. 1959இல் முதல் தேசிய இசைக்குழு உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு குழு, அதற்கு அரசு செலவில் கிதார்களும் ஊதுகருவிகளும் என்பது திட்டம். தேசியக் குழுக்களின் கலைஞர்கள் அரசு ஊழியர்களாயினர். நாட்டுப்புற மெட்டுகளையும் முன்னோர் கதைகளையும் புதிய கருவிகளில் இசைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. 1960களின் பிற்பகுதியில் ‘சிலிஃபோன்’ என்னும் அரசு இசைத்தட்டு நிறுவனமும் தோன்றியது. சூசூ மொழியில் ‘சிலி’ என்றால் யானை. யானை ஆளுங்கட்சியின் சின்னம். தட்டின் பெயரிலேயே கட்சி இருந்தது என்பதை இங்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

பெம்பெயா ஜாஸ், தலைநகரிலிருந்து நெடுந்தொலைவில் நாட்டின் தென்கிழக்கு மூலையிலுள்ள பெய்லா என்னும் சிற்றூரில் 1961இல் தொடங்கப்பட்ட குழு. அவ்வூரின் ஆற்றுப் பெயரே குழுவின் பெயராயிற்று. நாடளாவிய கலைவிழாக்களில் தொடர்ந்து வென்ற இக்குழு 1966இல் தேசியக் குழு என்னும் தகுதி பெற்றது. அபூபக்கர் தெம்பா கமாரா என்னும் பாடகரும், செகூ ஜபாத்தே என்னும் கிதார் கலைஞரும் அதன் இரு கண்களாக விளங்கினர். பெய்லாவுக்கும் சமோரியின் பூர்விக ஊர்களுக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. அக்குழுவினர் பாடியது ஏட்டில் படித்த வரலாற்றை அன்று. தம் மண்ணின் பேச்சில் உலவிய வரலாற்றை.

1968இல் விடுதலையின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிச் சமோரியின் எச்சங்கள் கபோன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டன. அந்த மீட்சியின் சூழலில் உருவானதே இப்பாடல். 1969 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அல்ஜியர்ஸ் நகரில் முதல் அனைத்து ஆப்பிரிக்கப் பண்பாட்டு விழா நடைபெற்றது. பிரான்சிடமிருந்து விடுதலை பெற்று ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த அல்ஜீரியாவின் மேடையில், பிரான்சை எதிர்த்த ஓர் அல்மாமியின் கதை பாடப்பட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றது. அவையோர் அதில் தம் கதையையே கேட்டிருப்பர் என்று கருதுவதில் பிழையில்லை.

அல்மாமியின் வாழ்க்கை

பாடலை மதிப்பிடுவதற்குமுன் பாடப்பட்டவரைச் சற்று அறிதல் வேண்டும். சமோரி 1830ஆம் ஆண்டளவில் பிறந்தவர். அவர் முன்னோர் ஜூலா எனப்படும் முஸ்லிம் வணிக மரபினர். எனினும் உள்ளூர் வழக்கங்களில் கலந்து மார்க்க நடைமுறையிலிருந்து விலகியிருந்தனர். 1853இல் அவருடைய அன்னை சிஸே குலத்தாரின் படையெடுப்பில் சிறைப்பட்டார். அன்னையை மீட்பதற்காக மகன் அக்குலத்தாரிடமே போர்வீரராகப் பணிபுரிந்தார். அப்பணிக்காலத்தை ஏழாண்டு, ஏழு திங்கள், ஏழு நாள் என்று வாய்மொழி மரபு கணக்கிடுகிறது. படைக்கலப் பயிற்சியும் மார்க்கக் கல்வியின் தொடக்கமும் அவருக்கு அங்குதான் கிட்டின.

பின்னர் அவர் தமக்கெனப் படை திரட்டி, பிசந்துகு என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டு, இன்றைய கினியா, மாலி, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளின் பகுதிகளை உள்ளடக்கிய வசுலு அரசை உருவாக்கினார். 1884இல் ‘அல்மாமி’ என்னும் பட்டத்தை ஏற்றார். ‘அல் இமாம்’ என்ற அரபுச் சொல் அப்பகுதி மக்களின் நாவில் அடைந்த வடிவமே அது. ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்துத் தாமே செய்துதரும் திறன் அவருடைய கொல்லர்களுக்கு இருந்தது. 1882இல் பிரெஞ்சுப் படையுடன் முதல் மோதல் நிகழ்ந்தது. 1886லும் 1887லும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டன; அவை நிலைக்கவில்லை. 1891இல் கங்கான் நகரும் அடுத்த ஆண்டு பிசந்துகுவும் பிரெஞ்சார் வசமாயின. சமோரி மண்டியிடவில்லை. தம் அரசையே கிழக்கு நோக்கி நகர்த்தினார். பின்தொடரும் எதிரிக்கு ஒரு மணித் தானியமும் கிடைக்காதவாறு விட்டுச்சென்ற நிலம் எரிக்கப்பட்டது. இறுதியில் 1898 செப்டம்பர் 29 அன்று கெலெமு என்னுமிடத்தில் சிறைபிடிக்கப்பட்டு, கபோனுக்கு நாடுகடத்தப்பட்டு, 1900 ஜூன் 2 அன்று அங்கேயே மரித்தார்.

கைதான நாளையும் கினியா ‘இல்லை’ என்று வாக்களித்த நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடையே அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு. செகூ தூரே தம்மைச் சமோரியின் கொள்ளுப்பேரன் என்று கூறிக்கொண்டார். காலக்கணக்கும் குலக்கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றபோது அரசுக்குத் தேவையான காவியம் ஏறத்தாழத் தானே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

பாடலின் கலை

இத்தட்டின் இரு பக்கங்களிலும் இருப்பது ஒரே பாடல். அரைமணி நேரத்துக்கும் மேல் நீளும் அதில் பிரெஞ்சு மொழியில் உரைநடையாகக் கதை சொல்லும் குரல் ஒன்று. மாலின்கே மொழியில் பாடும் குரல்கள் பிற. ஆக்கிரமித்தவனின் மொழியில் வரலாறு விளக்கப்படுகிறது. தாய்மொழியில் அது உணரப்படுகிறது. விளக்கும் குரல் ஓயும்போது தெம்பா கமாராவின் குரல் எழுகிறது. ஓதுவதற்கும் பாடுவதற்கும் இடைப்பட்ட அக்குரல், சில இடங்களில் பேச்சின் வேகத்தில் சொற்களை அடுக்கி, ஒரு சொல்லில் வந்து நெடிது நிற்கிறது. பின்னணிக் குரல்கள் அதற்கு மறுமொழி கூறுகின்றன.

மாண்டிங் மக்களிடையே ‘ஜெலி’ எனப்படும் மரபுவழிப் பாடகர் குலங்கள் உண்டு. அரச குலங்களின் தலைமுறை வரிசையை நினைவில் வைத்திருப்பதும், புகழ்வதும், சண்டைகளைச் சமாதானம் செய்வதும் அவர்கள் தொழில். செகூ ஜபாத்தே அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர். மரக்கட்டைகளின் கீழே சுரைக்குடுக்கைகள் கட்டிய ‘பலஃபோன்’ என்னும் கருவியின் துள்ளும் ஒலிவரிசைகளை அவர் மின்கிதாரின் கம்பிகளுக்கு மாற்றினார். அக்கிதார் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அதன்மேல் இன்னொரு இழை ஓடி இறங்குகிறது. கியூபா நாட்டு நடன இசையின் சாயல் கொண்ட தாளமும் ஊதுகருவிகளும் இடையிடையே சேர்கின்றன. புதுமையை அணிந்துகொண்டு பழமை தன் நடையிலேயே நடந்து வருவது போன்ற தோற்றம்.

இப்பாடலின் அடித்தளமாக அமைந்த மெட்டு இக்குழுவினர் இயற்றியதன்று. சமோரியின் சகோதரரும் தளபதியுமான கேமே புரேமாவைப் புகழ்வதற்காக ஜெலிகள் வழிவழியாகப் பாடிவந்த மெட்டு அது. அம்மெட்டைத் தெரிவு செய்ததில் கலைஞர்களின் நுண்ணுணர்வு புலப்படுகிறது. அரசர் ஒருவரின் கதையை அவருக்காக உயிர் நீத்தவரின் பாடலின்மேல் கட்டியெழுப்பியுள்ளனர். கேட்பவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், வெற்றியின் சொற்களுக்கு அடியில் ஓர் இழப்பின் மெட்டு ஓடிக்கொண்டேயிருக்கிறது.

தோற்றவர்களின் வரலாற்றை வென்றவர்களே எழுதிவந்த காலத்தில், குடியேற்ற ஆட்சியினரின் நூல்களில் கொள்ளைக்காரனாகவும் அடிமை வணிகனாகவும் மட்டுமே சித்திரிக்கப்பட்ட ஒருவரை, அவருடைய மக்களே தம் மொழியில், தம் மெட்டில், தம் தலைவர் என்று எழுந்து நின்று பாடியது சிறிய செயலன்று. திருக்குர்ஆனின் ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயம் தன் இறுதியில் கவிஞர்களைக் கண்டிக்கும்போது, இறைநம்பிக்கையும் நற்செயலும் இறைநினைவும் உடையோருக்கும், அநீதிக்கு ஆளானபின் தம்மைத் தற்காத்துக்கொள்வோருக்கும் விலக்களிப்பது இங்கு நினைவுக்கு வருகிறது. அநீதிக்கு ஆளானவர்களின் தற்காப்பு என்னும் தகுதி இப்பாடலுக்கு உண்டு. அத்தகுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதே அளவுகோலால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டியுள்ளது. அநீதிக்கு ஆளானவர்கள் சமோரியின் மக்கள் மட்டும்தானா?

பார்வை நின்றுவிடும் இடங்கள்

கேமே புரேமா எவ்வாறு இறந்தார்? 1887லும் 1888லும் சமோரி சிகாசோ நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். அம்முற்றுகையின்போது 1888இல் அத்தளபதி மாண்டார். சிகாசோவை ஆண்ட தியேபாவும் ஒரு முஸ்லிம் மன்னரே. பிரெஞ்சார் இருவரிடமும் நட்பு பேசி, இருவரும் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். முற்றுகை தோற்றது. அதன் சுமையைத் தாங்கிய மக்கள் சமோரிக்கு எதிராகவே கிளர்ந்தனர். தானியமும் ஆளும் கேட்டு வந்த ஆணைகளோடு, மார்க்கத்தை வற்புறுத்தித் திணித்த ஆணைகளும் அக்கிளர்ச்சிக்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். பத்தாண்டுகளுக்குப்பின் 1898 மே மாதம் சிகாசோ பிரெஞ்சாரிடம் வீழ்ந்தது. ஐந்தே மாதங்களில் சமோரியும் சிறைப்பட்டார். ஒருவரையொருவர் அழிக்க முனைந்த இரு அரசுகளும் ஒரே ஆண்டில் ஒரே எதிரியின் கையில் முடிந்தன.

இதனினும் கசப்பானது கொங்கு நகரின் கதை. இன்றைய ஐவரி கோஸ்ட்டின் வடபகுதியிலுள்ள கொங்கு, ஜூலா முஸ்லிம்களின் வணிக நகரம். பள்ளிவாசல்களுக்கும் மார்க்கக் கல்விக்கும் பெயர் பெற்ற அறிஞர்களின் ஊர். அங்கிருந்து மாணவர்கள் தூர நாடுகளுக்குச் சென்று கற்பித்தனர். கிழக்கே நகர்ந்துவந்த சமோரிக்கு 1895இல் பணிந்த அந்நகரம், பிரெஞ்சாருடன் உறவு கொண்டது என்னும் ஐயத்துக்கு ஆளாகி, 1897இல் அவருடைய படைகளால் அழிக்கப்பட்டது. அல் இமாம் என்னும் பட்டம் தாங்கிய ஒருவரின் படை, இமாம்களின் நகரொன்றை அழித்தது. பின்னர் கட்டியெழுப்பப்பட்ட கொங்கின் பள்ளிவாசல், மண்ணாலும் மரத்தாலும் ஆன சூடானியக் கட்டடக்கலையின் சான்றாக 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில், அப்பகுதியின் பிற பள்ளிவாசல்களுடன் இடம்பெற்றது.

கினியாவில் சமோரி விடுதலை வீரர். எல்லைக்கு அப்பால் கொங்கில் அப்பெயருக்கு வேறு பொருள். இரண்டுமே மக்களின் நினைவுதான். ‘கடந்த காலத்தின் மீது ஒரு பார்வை’ என்று தலைப்பிட்ட படைப்பின் வீரகாவியச் சட்டத்துக்குள் கொங்குக்காக இரங்கும் ஒரு குரலுக்கு இடமில்லை. வீரகாவியம் அனைத்தையும் சொல்லக் கடமைப்பட்டதன்று என்று சிலர் வாதிடக்கூடும். உண்மையே. ஆயின் பார்வை என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒன்று எங்கே தன் இமைகளை மூடுகிறது என்று கேட்பது திறனாய்வின் கடமை.

சமோரியின் மகன்களுள் ஒருவரான கரமோகோ 1886இல் பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே படைகளையும் தொழிற்சாலைகளையும் கண்டுவந்த அவர், இவ்வல்லரசை எதிர்த்து வெல்லவியலாது என்று தந்தையிடம் கூறினார். துரோகி என்று குற்றம் சாட்டப்பட்டு, 1894இல் அடைத்துவைக்கப்பட்டுப் பட்டினியால் கொல்லப்பட்டார். கசப்பான உண்மையைச் சொன்ன மகனுக்குக் கிடைத்த முடிவு அது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

புகழ்வோரும் புகழப்படுவோரும்

இப்பாடலின் கதை 1898உடன் முடிவதில்லை. அது 1958ஐ நோக்கி விரைகிறது. வீழ்ந்த அல்மாமியின் வாளை அவர் வழித்தோன்றல் மீண்டும் எடுத்தார் என்பதே அதன் உட்பொருள். முன்னோரைப் பாடியபடியே ஆளும் தலைவரை அப்பாடல் சென்றடைகிறது. இங்குதான் ஜெலியின் பழைய கலை வேறொன்றாக மாறுகிறது.

பழைய மரபில் ஜெலியின் புகழ்ச்சிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உன் முன்னோர் இத்தகையோர் என்று பாடுவது, நீயும் அவ்வாறு இருக்கிறாயா என்று கேட்பதும் ஆகும். புகழைக் கேட்டவன் வெட்கமுறவும் இடமிருந்தது. ஊதியமும் கருவியும் தட்டும் வானொலியும் ஒரே கையிலிருந்து வரத் தொடங்கியபோது அக்கேள்வி மறைந்து புகழ் மட்டும் எஞ்சியது. கினியாவின் தேசிய கீதமே அல்ஃபா யாயாவைப் புகழ்ந்து ஜெலிகள் பாடிய மெட்டிலிருந்து அமைக்கப்பட்டதுதான். புகழ்ச்சி மரபு முழுவதும் அரசின் சொத்தாயிற்று.

அதே ஆண்டுகளில் நடந்தவற்றை அருகில் வைத்துப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்க மரபுக் கலைகளை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்ற ‘லே பலே அஃப்ரிக்கேன்’ என்னும் நடனக் குழுவைத் தோற்றுவித்தவர் கெய்த்தா ஃபொதெபா. கினியாவின் பண்பாட்டு மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர். செகூ தூரேயின் அமைச்சரும்கூட. சதிக் குற்றச்சாட்டின்பேரில் அவர் கைது செய்யப்பட்டு, 1969 மே மாதம் கொனாக்ரியின் போய்ரோ முகாமில் கொல்லப்பட்டார். அல்ஜியர்ஸ் மேடையில் சமோரியின் காவியம் பதக்கம் பெற்றதற்கும் இதற்கும் இடையே மூன்று மாதங்கள்கூட இல்லை. பேரரசர் சுன்ஜாத்தாவின் காவியத்தை ஜெலி ஒருவரின் வாய்மொழியிலிருந்து எழுதி 1960இல் வெளியிட்ட வரலாற்றறிஞர் ஜிப்ரில் தம்சிர் நியானே, அடுத்த ஆண்டே சிறைக்குச் சென்றார். பின்னாளில் நாட்டைவிட்டே வெளியேறினார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளராக விளங்கிய தியாலோ தெல்லி, 1977இல் அதே போய்ரோ முகாமில் உணவும் நீரும் மறுக்கப்பட்டு மாண்டார்.

1894இல் கரமோகோ, 1977இல் தியாலோ தெல்லி. இருவருக்கும் ஒரே வகை மரணம். வீரத்தின் மரபுத் தொடர்ச்சியைப் பாடிய அரசு, கொடுமையின் மரபுத் தொடர்ச்சியையும் தன்னை அறியாமலே நிறைவேற்றியது. முன்னோரின் பிழையைச் சொல்ல அனுமதிக்காத சமூகம் அப்பிழையை மீண்டும் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சமோரியின் காவியத்தில் கரமோகோவின் துயரத்துக்கும் கொங்கின் சாம்பலுக்கும் உரிய இடம் தரப்பட்டிருப்பின் போய்ரோ முகாம் இருந்திராது என்று நாம் கூறவில்லை. பாடல்கள் சிறைகளைத் தடுப்பதில்லை. ஆயின் பழைய அநீதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழக்கம் ஒரு மக்களிடம் இருக்குமாயின், புதிய அநீதியை அடையாளம் காணும் சொல்லாவது அவர்களிடம் மிஞ்சும்.

இதற்காகக் கலைஞர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையன்று. அவர்கள் வாழ்ந்த நாட்டில் மௌனம்கூடப் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. தெம்பா கமாரா 1973 ஏப்ரல் மாதத்தில், டக்கார் நகரில் நேர்ந்த ஊர்தி விபத்தின் விளைவாக இளம் வயதிலேயே மறைந்தார். அரசு அவருக்குப் பெருஞ்சிறப்புடன் இறுதி மரியாதை செய்தது. அவர் குரலில் இருந்த உருக்கம் ஆணையிட்டு வாங்கப்பட்டதன்று. தட்டைக் கேட்கும் எவரும் அதை உணர்வர். உண்மையான உணர்வு, ஒரு பாதி உண்மைக்குத் துணை போனது என்பதே இப்படைப்பின் துயரம். பொய்யுணர்வோடு பாடப்பட்டிருந்தால் நாம் இதை எளிதில் புறந்தள்ளியிருப்போம்.

அரிய பொருளும் சாட்சியமும்

1984 மார்ச்சு மாதம் செகூ தூரே மறைந்ததும் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். போய்ரோ முகாமின் கதவுகள் திறந்தன. சிலிஃபோனின் காலமும் முடிவுக்கு வந்தது. 1985இல் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது வானொலி நிலையம் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, அங்கிருந்த இசைத்தட்டுகளில் பெரும்பகுதி அழிந்தது. இந்நூற்றாண்டில்தான் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிரேம் கவுன்செல், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் துணையுடன், 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் கொனாக்ரியில் தங்கிப் பணியாற்றி, கினியா வானொலியின் ஒலிநாடாக்களை மின்னணு வடிவுக்கு மாற்றினார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இவ்வாறு காக்கப்பட்டன.

இன்று பழைய சிலிஃபோன் தட்டுகள் ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளில் அரும்பொருள்களாக விற்கப்படுகின்றன. உறை கிழியாதிருக்கிறதா, முதற்பதிப்பா என்றெல்லாம் ஆராயும் சேகரிப்பாளர்களுக்கு ஒருவகையில் நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். அவர்கள் இல்லையெனில் பல தட்டுகள் எஞ்சியிரா. எனினும் சொல்லின் பொருள் அறியாமல் தாளத்தை மட்டும் சுவைப்பது இப்படைப்பின் பாதியை இழப்பதாகும். அதே வேளையில், வேறொரு வகை இழப்பும் உண்டு. பிரான்சை எதிர்த்த முஸ்லிம் வீரர் என்னும் ஒரு தொடரோடு நின்று, கண்கள் பனிக்க இத்தட்டைக் கேட்டு முடித்துவிடுவது அது. முன்னவர் பொருளைத் தவறவிடுகின்றனர். பின்னவர் பொருளில் பாதியைத் தவறவிடுகின்றனர். நம்மவர்க்கு நேரக்கூடியது இரண்டாவது தவறே என்பதால் அதைச் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற முஸ்லிம் தலைவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம் எழுதுகோல் ஒரு பக்கமாகச் சாய்வதை நாம் அறிவோம். அச்சாய்வுக்குக் காரணங்கள் உண்டு. எதிரி எழுதிய வரலாறு அத்தலைவர்களின் குற்றங்களை மட்டுமே பெருக்கிக் காட்டியது; எனவே நாம் அவர்தம் நிறைகளை மட்டுமே எடுத்துரைத்தோம். இரண்டு பாதிகளும் சேர்ந்து ஒரு முழுமையாவதில்லை. கொங்கின் அறிஞர்களும் நம்மவரே. அவர்தம் அழிவை எதிரியின் நூலில் மட்டும் படிக்கும் நிலை இருக்குமானால், அந்நூலுக்கு நாமே ஓர் அதிகாரத்தை வழங்குகிறோம் என்று பொருள். உறவினருக்கே எதிராயினும் நீதியின் சாட்சிகளாக நில்லுங்கள் என்னும் கட்டளை நமக்கு இடப்பட்டுள்ளது. வரலாறு எழுதுவோரும் பாடுவோரும் கேட்போரும் அதற்கு விலக்கல்லர்.

கினியாவின் ‘இல்லை’ என்னும் வாக்கின் நினைவாக, கொனாக்ரியின் விளையாட்டரங்கம் ஒன்றுக்குச் செப்டம்பர் 28 என்று பெயர். 2009ஆம் ஆண்டு அதே நாளில், அதே அரங்கில், படை ஆட்சியை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 156 பேர் கொல்லப்பட்டோ காணாமற்போயோ இருப்பதாக ஐக்கிய நாடுகள் அவையின் விசாரணைக் குழு பதிவு செய்தது. பெம்பெயா ஜாஸ் காலத்தில் பெருமிதத்தின் நாளாக இருந்த செப்டம்பர் 28, இப்போது இரங்கலின் நாளும் ஆகிவிட்டது.

ஆகவே இத்தட்டை மீண்டும் கேட்கும்போது நாம் இரு காதுகளாலும் கேட்க வேண்டும். ஒரு காதில் தெம்பா கமாராவின் குரல். தலைநிமிர்ந்த ஒரு மக்களின் குரல் அது. அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. மறுகாதில் அந்தக் கிதாரின் அடியில் ஓடும் பழைய மெட்டு. சிகாசோவின் மதிலருகே, இன்னொரு முஸ்லிம் அரசுக்கு எதிரான போரில் மாண்ட ஒரு சகோதரனின் மெட்டு. பாடலின் சொற்கள் சொல்லாமல் விட்டதை அம்மெட்டு இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடந்த காலத்தின் மீதான பார்வை முழுமை பெறுவது, அந்த இரண்டாவது குரலுக்கும் நாம் செவிசாய்க்கும்போதுதான்.